மூஸுக்கு எந்தத் தோட்டா? வெளிநாட்டில் வேட்டை லைசென்ஸ் எடுத்த நம் மலைப் பிள்ளைகளுக்கு

கனடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவில் குன்னூருக்கு வந்தால், வர்க்கியும் டீயும் முடிந்த பிறகு என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மாமா, அங்கே வேட்டை லைசென்ஸ் எடுத்துட்டேன். எந்த ரைஃபிள் வாங்கறது?” அருவங்காடு கார்டைட் ஃபாக்டரியில் முப்பது வருஷம் வெடிமருந்தோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். மருந்து தெரியும். மற்றதை ஆல்பர்ட்டாவில் இருக்கும் என் அக்கா மகனோடு இரண்டு சீசன் சுற்றியும், ஒரு காலத்தில் தோட்டத் துரைகளுக்கு ஷிகாரியாக முன்னே நடந்த என் தாத்தாவின் வாய் வழியாகவும் தெரிந்துகொண்டேன்.

ரைஃபிளைப் பற்றிக் கேட்கும் எல்லோரிடமும் முதலில் தோட்டாவை முடிவு செய் என்றுதான் சொல்வேன். ரைஃபிள் அதற்குப் பின்னால் வரும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இது நம் மலைக்கான வழிகாட்டி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இங்கே பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது. வரையாட்டையோ கடமானையோ நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினால் ஜெயில்தான். வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில், முறையாகப் பயிற்சி வகுப்பு முடித்து, லைசென்ஸும் அந்த விலங்குக்கான அனுமதிச் சீட்டும் வைத்திருப்பவருக்குத்தான் இனி வரும் பேச்சு.

தோட்டா வேறு, குண்டு வேறு

புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்.

பெயர்களில் ஒரே முறை என்று எதையும் தேடாதீர்கள், தலைவலிதான் மிஞ்சும். .308 வின்செஸ்டர் என்றால் குண்டின் விட்டம் அங்குலத்தில் .308. சரி, அப்படியானால் .30-06? அதுவும் அதே .308 அங்குலக் குண்டுதான். பின்னால் நிற்கும் 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ஆம் வருஷம். .270 வின்செஸ்டரின் குண்டு .277 அங்குலம். ஐரோப்பியர்கள் கொஞ்சம் ஒழுங்கு: 6.5×55 என்றால் 6.5 மில்லிமீட்டர் ரகம், கூடு 55 மில்லிமீட்டர் நீளம். ஆக, பெயரை வைத்துக் கணக்குப் போடாமல், அதை ஒரு ஆளின் பெயர் மாதிரி அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 180 கிரெயின் என்றால் நம் கணக்கில் 11.7 கிராம், ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சின்னப் பொருள் வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் வாய்முனையில் சுமார் 3,900 ஜூல் ஆற்றல். .30-06 தோட்டாவின் வழக்கமான கணக்கு இதுதான்.

முதலில் விலங்கு

எதை வேட்டையாடப் போகிறாய் என்று கேட்டால் “எல்லாம்தான் மாமா” என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா என்பது கல்யாணத்துக்கும் களையெடுப்புக்கும் ஒரே வேட்டி மாதிரி. முடியும், ஆனால் ஏதாவது ஒரு பக்கம் உறுத்தும்.

உடம்பின் அளவு மனதில் பதிய நான் நம் விலங்குகளை அளவுகோலாக வைக்கிறேன். நன்றாக வளர்ந்த ஆண் வரையாடு 100 கிலோ சுற்று. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானும் ஏறக்குறைய அந்த வகுப்பு. நம் கடமான் கிடா 250 கிலோ வரை வரும். அங்கே எல்க் என்கிற மான் அதைவிட ஒரு படி மேல், 300 கிலோவைத் தாண்டும். மூஸ் என்கிற பெரிய மான் அதற்கும் மேல், 450, 500 கிலோ. நம் டீத் தோட்டங்களில் காலையில் சாவகாசமாக நிற்கிறதே காட்டெருமை, அந்தக் கிடா 800 கிலோவுக்குக் குறையாது. ஆப்பிரிக்க எருமை அந்த ஜாதி.

குன்னூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரோட்டோரத்தில் பஸ்ஸுக்குள் இருந்தபடியே காட்டெருமையைப் பக்கவாட்டில் பார்க்கலாம். (இறங்கிப் போய்ப் பார்க்காதீர்கள், வருஷத்துக்கு நாலு பேர் செல்ஃபி எடுக்கப் போய் ஓடி வருகிறார்கள்.) அதன் திமிலை மனதிலிருந்து நீக்கிவிட்டு, முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். இதயமும் நுரையீரலும் அங்கேதான், உடம்பின் கீழ்ப்பாதியில். திமில் கண்ணை மேலே இழுக்கும். மூஸுக்கும் அதே மாதிரி தோள்பட்டை உயரம், புதியவர்கள் மேலே சுட்டுத் தவறவிடுவது அதனால்தான். மானின் உயிர்நிலை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூஸுக்கு அது ஒரு தாம்பாளம். அந்தத் தட்டுக்குள் ஒவ்வொரு முறையும் குண்டைப் போட முடிகிற தூரம்தான் உங்கள் தூரம். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

அந்த ஊர்ச் சட்டம்

இது சீக்கிரம் முடியும். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தபட்ச அளவு எழுதி வைத்திருக்கிறார்கள், சீசன் தொடங்கும் முன் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஆல்பர்ட்டாவில் பெரிய விலங்குக்கு .23 அங்குலத்துக்குக் குறைந்த தோட்டா கூடாது. ஸ்வீடனில் மூஸுக்கு விதி வேறு மாதிரி: குண்டு 9 கிராமாவது இருக்க வேண்டும், 100 மீட்டரில் 2,700 ஜூல் மிச்சம் இருக்க வேண்டும், 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2,000 ஜூல் போதும். நமீபியாவில் சின்ன மானுக்கு 1,350, குடு, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான்களுக்கு 2,700, எருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஆபத்தான விலங்கு என்றாலே .375-தான் ஆரம்பம். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

ஸ்வீடன் விதியை இன்னொரு முறை படியுங்கள். கனமான குண்டுக்கு ஆற்றல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறது. ஆற்றல் மட்டும் போதாது, குண்டும் முக்கியம் என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் குண்டைப் பற்றித்தான் அடுத்தது.

குண்டின் கட்டுமானம்

என்னைக் கேட்டால் தோட்டாவின் பெயருக்குக் கால் பங்கு கவனம், குண்டுக்கு முக்கால் பங்கு. விலங்கைத் தொடுவது அது ஒன்றுதான்.

சாதாரண வேட்டைக் குண்டு என்பது ஈய உடம்பு, மேலே செம்புச் சட்டை, மூக்கில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் மூக்கு காளான் மாதிரி விரிய வேண்டும். விரிந்தபடியே உள்ளே போகவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சக்களத்தி. சீக்கிரம் விரிந்தால் ஆழம் போகாது, ஆழம் போனால் விரியாது. மானுக்காகச் செய்த மெல்லிய குண்டை மூஸின் தோள் எலும்பில் அடித்தால் அங்கேயே சிதறிப்போகும், விலங்கு காயத்தோடு காட்டுக்குள் போகும்.

இதற்கு ஒரு கதை உண்டு. 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 மேக்னம், அன்றைக்குப் பெரிய தோட்டா. சேறு அப்பிக் காய்ந்த மூஸின் உடம்பில் குண்டுகள் மேலோட்டமாகவே உடைந்தன, விலங்கு விழவில்லை. தோட்டா பெரியதுதான், குண்டுதான் கைவிட்டது. வீட்டுக்குப் போய் அவர் செய்தது நடுவில் செம்புச் சுவர் வைத்த குண்டு. முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி அப்படியே நின்று உள்ளே துளைத்துக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது, இன்னும் வாங்கலாம்.

அதன் பிறகு ஈயத்தையும் செம்பையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு வந்தது, முழுக்கச் செம்பாலான குண்டு வந்தது. எல்க், மூஸ் என்றால் இந்த மூன்றில் ஒன்று. மான் மட்டும் என்றால் சாதாரணக் குண்டு தாராளமாகப் போதும், விலையும் குறைவு. செம்புக் குண்டு எடை குறையாமல் உள்ளே போகும், அதனால் ஈயத்தில் 180 எடுப்பவர் செம்பில் 165 எடுத்தால் சரியாக இருக்கும். வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடப்போகிறார்கள் என்றால் நான் செம்புதான் சொல்வேன். ஈயத் துணுக்கு காயத்தைச் சுற்றி நாம் நினைப்பதைவிடத் தூரம் சிதறும்.

முழுக்கச் சட்டை போட்ட ராணுவக் குண்டு வேண்டாம். விரியாது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், பல இடங்களில் வேட்டைக்குச் சட்டப்படியும் கூடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அக்கா மகன் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தான். சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் பழக மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம் உங்கள் தோள்

அக்கா மகன் முதலில் வாங்கியது .300 வின்செஸ்டர் மேக்னம். “மேக்னம்னா பவர் ஜாஸ்தி இல்ல மாமா?” ஜாஸ்திதான். உதையும் ஜாஸ்தி. ஒரே எடை ரைஃபிளில் சுட்டால் .30-06-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உதைக்கும். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. .308 கொஞ்சம் குறைவு, 6.5 கிரீட்மூர் நன்றாகவே குறைவு.

அவனோடு ரேஞ்சுக்குப் போனேன். முதல் ஐந்து குண்டு அருமை. பத்தாவதில் விசையைத் தொடும் முன்பே கண் மூடியது, தோள் முன்னே வந்தது, குண்டு இலக்குக்குக் கீழே மண்ணில். அவனுக்கே தெரியவில்லை, ஸ்கோப்பைக் குறை சொன்னான். நான் அவனுக்குத் தெரியாமல் காலித் தோட்டா ஒன்றை இடையில் போட்டுக் கொடுத்தேன். விசையை இழுத்தான், சத்தமே இல்லை, ஆனால் குழல் ஒரு ஜாண் கீழே குத்தியது. அப்போதுதான் சிரித்தான்.

இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும். பயிற்சிக்கென்றே மருந்தில்லாத போலித் தோட்டா கடையில் கிடைக்கும். நண்பர் ஒருவர் நிஜத்தையும் போலியையும் கலந்து போட்டுத் தரட்டும். போலியில் குழல் அசையாமல் நின்றால் அந்தத் தோட்டா உங்களுக்கு ஏற்றது. அசைந்தால் ஒரு படி இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் யானைகளையே பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தோட்டாவால் வீழ்த்தினார், குண்டு போகும் இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால். அவரைப் பார்த்து நீங்களும் அதைச் செய்யக் கூடாது, இன்றைய சட்டமும் விடாது. உதைக்குப் பயப்படாத கை என்ன செய்யும் என்பதற்காகச் சொன்னேன்.

அவன் அந்த மேக்னத்தை விற்றுவிட்டு .30-06 வாங்கினான். அடுத்த சீசனில் எல்க் கிடைத்தது. 140 கெஜம், ஒரே குண்டு.

மருந்தும் சூடும் குளிரும்

இது என் பேட்டை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1903-இல் அருவங்காட்டில் ஃபாக்டரி தொடங்கியபோது ராணுவத் தோட்டாவின் மருந்து கார்டைட். நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் கொஞ்சம் வாசலினும் பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி நீளக் கயிறாக இழுத்தது. கயிறு என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர். முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், எரியும் சூட்டில் குழலின் உட்புறம் சீக்கிரம் அரித்தது. பிறகு அதை 30-க்குக் குறைத்தார்கள்.

கார்டைட்டுக்கு இன்னொரு குணம், வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்தில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா சமவெளியின் மே மாத வெயிலில் கூடு வீங்கிக் குழலில் சிக்கிக்கொள்ளும், எதிரே புலி நிற்கும். அதனால் இந்தியாவுக்கென்றே மருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டாக்களைத் தனியாக விற்றார்கள். .470 போன்ற பெரிய தோட்டாக்களின் கூடு கைவிரல் நீளம் இருப்பதற்கும், 1912-இல் வந்த .375-இன் கூடு மெழுகுவர்த்தி மாதிரி சரிந்து இருப்பதற்கும் காரணம் இதே சூடுதான். அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும், கூடு சுலபமாக வெளியே வர வேண்டும். (.470 பிரபலமானதற்கு நம் நாட்டுக் காரணமும் ஒன்று உண்டு. ராணுவத்தின் பழைய .450 தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்து 1907-இல் அந்த அளவு ரைஃபிள்களையே இந்தியாவுக்குள் தடுத்தார்கள். கம்பெனிகள் சளைக்காமல் .465, .470, .475 என்று சுற்றி வந்தன.)

ஆல்பர்ட்டாவில் கதை தலைகீழ். ஆகஸ்டில் 25 டிகிரியில் ரேஞ்சில் பழகிவிட்டு, நவம்பரில் மைனஸ் 20-இல் வேட்டைக்குப் போவீர்கள். குளிரில் மருந்து மந்தமாக எரியும். வேகம் வினாடிக்கு 15, 20 மீட்டர் குறைவது சாதாரணம். 100 கெஜத்தில் தெரியாது, 300-இல் தெரியும். குளிருக்கும் சூட்டுக்கும் அதிகம் மாறாத மருந்து போட்ட தோட்டாக்கள் இப்போது வருகின்றன, பெட்டியில் எழுதியிருக்கும். எதை வாங்கினாலும் சீசனுக்கு முந்தின வாரம் அந்தக் குளிரிலேயே ஒரு முறை சுட்டுப் பாருங்கள். தோட்டாவைக் கார் ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தேன். மருந்துக்காரன் வயிற்றில் புளியைக் கரைத்தது.

சரி, எதை வாங்குவது?

மான் மட்டும், ஆள் ஒல்லி, இதற்கு முன் சுட்டதில்லை என்றால் 6.5 கிரீட்மூர் அல்லது .243 வின்செஸ்டர். .243 எல்க்குக்குச் சிறிது, அந்த ஆசை வைக்காதீர்கள்.

மானும் எல்க்கும், எப்போதாவது மூஸும் என்றால் .308 அல்லது .30-06. இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும் என்பது சாதாரண விஷயம் இல்லை; பனியில் நூறு மைல் தாண்டிப் போன பிறகு பெட்டியை வீட்டில் மறந்தது தெரிந்தால் அருமை புரியும். திறந்த வெளியில் தூரம் கூட என்றால் .270-உம் நல்லது, 1925-லிருந்து மலை வேட்டைக்காரர்களின் செல்லம்.

கனடாவில் யாராவது தாத்தா காலத்து .303 ரைஃபிளை மலிவாகக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸ் விழுந்தது அதில்தான். நல்ல குண்டு போட்ட புதுத் தோட்டா இன்றும் கிடைக்கிறது.

ஆப்பிரிக்க எருமை என்றால் .375, பேச்சு முடிந்தது. ஆனால் முதல் ரைஃபிளாக அதை வாங்காதீர்கள். இரண்டு வருஷம் .308-இல் பழகிய பிறகு.

கடையில்

குழலில் பொறித்திருக்கும் பெயரும், தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். “ஏறக்குறைய அதேதான்” என்று எதுவும் கிடையாது. தவறான தோட்டா சில துப்பாக்கிகளில் உள்ளே போய் உட்கார்ந்தும் விடும், சுட்டால் கூடு கிழிந்து நெருப்பு முகத்துக்கு வரும். பழைய ஜெர்மன் 8 மில்லிமீட்டரில் .318, .323 என்று இரண்டு விட்டம் உண்டு. பெரியதைச் சின்னக் குழலில் சுடுவது தற்கொலை. பழைய துப்பாக்கி என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

முதலில் ஒரே குண்டெடையில் இரண்டு மூன்று கம்பெனிப் பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கிக்கும் நாக்கு உண்டு, ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. பிடித்ததில் ஐந்தாறு பெட்டி ஒரே லாட் நம்பராக, அதாவது ஒரே தடவையில் தயாரானதாக, பார்த்து வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் மருந்தின் வேகம் இம்மி மாறும். அந்த இம்மியைச் சரிபார்ப்பதில்தான் என் சம்பளம் ஓடியது.

.30-06-இல் 180 கிரெயின் குண்டு 200 கெஜத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரி செய்தால் 300-இல் எட்டு அங்குலம் இறங்கும். மானின் தட்டு அளவில் அது கிட்டத்தட்ட முழுத் தட்டு. புதியவர்கள் முதல் வருஷம் 200-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. பெஞ்சில் சாய்ந்து சுடும் துல்லியத்தை நம்பாதீர்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, மூச்சு வாங்கியபடி சுட்டுப் பழகுங்கள். தொட்டபெட்டா ஏறி நின்றதும் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக, லீவில் ஊருக்கு வரும்போது வேட்டைக்குக் கொண்டுபோன பையையே எடுத்து வராதீர்கள். வந்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டையும், ஜாக்கெட்டின் உள்பக்கத்தையும் தலைகீழாக உதறுங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கோயம்புத்தூர் ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. சுட்டு முடித்த காலிக் கூட்டைத் தம்பிக்குக் காட்டலாம் என்று எடுத்து வந்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது பச்சை பிடித்த பழைய தோட்டா தகர டப்பாவில் கிடைத்தால் அதையும் தட்டிப் பார்க்கவோ, எடுத்துக்கொண்டு எனக்குக் காட்ட வரவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் போடுங்கள். வேண்டுமானால் ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன்.